ஐந்து கிராம் கிளைடரில் லான்செஸ்டரின் அலை

பர்மிங்காமின் புளூம்ஸ்பரி பகுதியில் ஒரு கார் நினைவுச் சிற்பம் இருக்கிறது. 1895-இல் லான்செஸ்டர் சகோதரர்கள் தங்களுடைய முதல் நான்கு சக்கரப் பெட்ரோல் காரைக் கட்டிய இடம் அது. போன கோடையில் மகளை அங்கே கூட்டிப்போயிருந்தேன். சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அப்பா, இவர் கார் மட்டும்தான் செஞ்சாரா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. விமானம் எப்படிப் பறக்கும்னு, விமானமே வர்றதுக்கு முன்னாடி யோசிச்சவர். எஞ்சின் இல்லாம சறுக்கிப் பறக்கற சின்னச் சின்ன கிளைடர் செஞ்சு விட்டுப் பார்த்தவர்."

"அப்ப நாமளும் செஞ்சு விட்டுப் பார்க்கலாமே."

இப்படித் தொடங்கிய வேலை முடிய நான்கு மாதம் ஆனது. மூன்று கிளைடர்கள், இரண்டு தவறான அளவீடுகள், கடைசியில் சுவரில் மாட்டி வைக்கும்படி சில புகைப்படங்கள். வேறு யாராவது செய்ய நினைத்தால் உதவும் என்று நடந்ததை எழுதி வைக்கிறேன்.

ஃபிரடெரிக் லான்செஸ்டர் 1868-இல் லண்டனில் பிறந்தவர். பர்மிங்காமில் ஒரு காஸ் எஞ்சின் கம்பெனியில் வேலை பார்த்தார். 1892-இல் கப்பலில் அமெரிக்கா போகும்போது, இறக்கையை அசைக்காமலே கூட வந்துகொண்டிருந்த கடற்காகங்களைக் கவனித்திருக்கிறார். அங்கிருந்து பிடித்துக்கொண்டது. 1894-இல் மாதிரிகள் செய்து பறக்கவிட்டார். 1897-இல் தன் கோட்பாட்டைக் கட்டுரையாக எழுதி அனுப்பினார். ஏற்க மறுத்துத் திருப்பிவிட்டார்கள். பறப்பதற்கு ஏற்ற எடை குறைந்த எஞ்சின் ஒன்றைச் செய்யலாம் என்று நினைத்தபோது, இதைச் சொன்னால் யாரும் மதிக்கமாட்டார்கள் என்று அறிவுரை கிடைத்தது. அதன்பின் பத்து வருடம் கார் பக்கம் போய்விட்டார். அந்தக் கார்களும் சாதாரணமானவை அல்ல. பிஸ்டனின் அசைவைச் சுழற்சியாக்கும் கிராங்க் தண்டுகள் இரண்டை எதிரெதிர்த் திசையில் சுற்றும்படி வைத்து, ஒன்றின் ஆட்டத்தை மற்றொன்று தின்றுவிடும்படி எஞ்சினை அமைத்தார். நான்கு சிலிண்டர் எஞ்சினின் அதிர்வை அடக்க, கிராங்க்கைப்போல இரு மடங்கு வேகத்தில் எதிரெதிராகச் சுற்றும் இரண்டு தண்டுகள் என்ற அவருடைய யோசனை இன்றும் பல கார்களில் ஓடிக்கொண்டிருக்கிறது. பறத்தலைப் பற்றிய அவருடைய இரண்டு பெரிய நூல்கள் 1907, 1908 ஆண்டுகளில்தான் அச்சேறின.

நாங்கள் எடுத்துக்கொண்டது இரண்டாவது நூலின் விஷயம். கிளைடரை, அது நிதானமாகச் சறுக்கும் இயல்பான வேகத்தைவிடக் கூடுதலாக வீசினால் அது நேராகப் போகாது. ஏறும், வேகம் குறையும், இறங்கும், வேகம் கூடும், மறுபடி ஏறும். இந்த அலைக்கு லான்செஸ்டர் 'ஃப்யூகாய்ட்' என்று பெயர் வைத்தார். பறத்தல் என்ற பொருளில் கிரேக்கச் சொல்லை எடுத்தார். ஆனால் அந்தச் சொல்லுக்குத் தப்பி ஓடுதல் என்றுதான் பொருள். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'ஃப்ளைட்' என்ற ஒரே வார்த்தை இருப்பதால் வந்த வினை. பெயர் அப்படியே நிலைத்துவிட்டது. இன்றைக்கும் விமானப் பொறியியல் வகுப்பில் அதே பெயர்தான்.

அவர் செய்த எளிமைப்படுத்தல் எனக்கு மிகவும் பிடித்தது. காற்றின் தடையை மறந்துவிடு. இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம் மாறவில்லை என்று வைத்துக்கொள். அப்புறம் மிஞ்சுவது உயரமும் வேகமும் மட்டும். உயரத்தைக் கொடுத்து வேகத்தை வாங்கலாம், வேகத்தைக் கொடுத்து உயரத்தை வாங்கலாம். வேகம் கூடினால் இறக்கை மேலே தூக்கும் தூக்குவிசை எடையைத் தாண்டும், பாதை மேலே வளையும். குறைந்தால் கீழே வளையும். இதிலிருந்து வரும் விடை ஆச்சரியமானது: சிறிய அலைகளுக்கு, ஓர் அலைக்கு ஆகும் நேரம் கிளைடரின் எடையையோ இறக்கையின் வடிவத்தையோ கேட்பதில்லை. வேகத்தை மட்டும் கேட்கிறது. நொடிக்கு எத்தனை மீட்டர் என்ற எண்ணை 0.45 ஆல் பெருக்கினால் அலையின் நேரம் நொடிகளில் கிடைத்துவிடும். நொடிக்கு 50 மீட்டரில் போகும் சிறிய விமானத்துக்கு 22, 23 நொடி. நொடிக்கு 3 மீட்டரில் போகும் பொம்மைக்கு ஒன்றரை நொடிக்கும் கொஞ்சம் குறைவு. இது உண்மைதானா என்று கையால் செய்து பார்க்க வேண்டும். அதுதான் எங்கள் வேலை.

முதலில் அவர் வழியிலேயே போக ஆசைப்பட்டேன். அவர் அபிரக (மைக்கா) தகட்டில் மாதிரிகள் செய்தவர். மைக்ரோவேவ் அடுப்புக்குள் ஒட்டும் அபிரகத் தகடு கடையில் கிடைக்கிறது, கத்தரிக்கோலால் வெட்டலாம். 15 செ.மீ. நீளம், 4 செ.மீ. அகலத்தில் வெட்டி அப்படியே விட்டோம். குட்டிக்கரணம் போட்டுக்கொண்டே விழுந்தது. முன் விளிம்பில் கொஞ்சம் பிளாஸ்டிசின் (பிள்ளைகள் பொம்மை செய்யும் களிமண்) ஒட்டி, எடைமையம் முன்னாலிருந்து அகலத்தின் மூன்றில் ஒரு பங்கு தூரத்துக்கு வந்ததும் கரணம் நின்றது. வாலே இல்லாத வெறும் தகடு சறுக்கிக்கொண்டு போனது. மகள் கைதட்டினாள். வாலில்லாத ஒரு செவ்வகம் ஒழுங்காகப் பறப்பதைக் கண்ணால் பார்க்கும்போது எனக்கும் உடம்பு சிலிர்த்தது.

ஆனால் அளக்க முடியவில்லை. அடுப்புக்கு விற்பது தூளை அழுத்திச் செய்த தகடு. 0.4 மி.மீ. தடிமனில் கனமாக இருந்தது, அதனால் வேகமாகப் போனது. வேகம் கூடினால் அலையும் நீளும். ஒரு முழு அலை முடிவதற்குள் தரையைத் தொட்டுவிட்டது. பிளேடால் மெல்லிசாகப் பிளக்கப் பார்த்தேன், செதில் செதிலாக உதிர்ந்தது. அபிரகத்தை அதோடு விட்டுவிட்டோம்.

அடுத்தது ஃபோம். பீட்சாவுக்கு அடியில் வரும் 3 மி.மீ. தட்டு. இறக்கை 28 செ.மீ. நீளம், 4.5 செ.மீ. அகலம். நடுவில் பாதி ஆழத்துக்குக் கீறி மடித்து, இரண்டு நுனிகளையும் 3 செ.மீ. உயர்த்தி ஒட்டினேன், பக்கவாட்டில் சாயாமல் இருக்க இது வேண்டும். வால் 10 செ.மீ. நீளம், 3.5 செ.மீ. அகலம். உடம்புக்குக் கபாப் சுடும் மூங்கில் குச்சி. ஒட்டுவதற்கு வெள்ளைப் பசைதான். சூப்பர் க்ளூ ஃபோமைக் கரைத்துவிடும். இறக்கையின் முன் விளிம்பு வாலைவிட ஏறக்குறைய 3 டிகிரி நிமிர்ந்திருக்கும்படி அடியில் ஒரு சின்னத் துண்டு வைத்தேன்.

பாதையைப் பதிவுசெய்ய விளக்கு தேவை. இங்கே ஒரு நல்ல விஷயம் தானாக அமைந்தது. மூக்கில் எப்படியும் எடை வைத்தாக வேண்டும். சிஆர் 1220 பொத்தான் பேட்டரி ஒரு கிராமுக்கும் குறைவு, ஒரு சிவப்பு எல்இடியை நேரடியாக எரிக்கும். ஆக, அந்தப் பேட்டரியே மூக்கு எடையாகிவிட்டது. மீதிக்கு அரை கிராம் சொச்சம் பிளாஸ்டிசின். சமையலறைத் தராசு போதாது. நகை நிறுக்கும் சின்னத் தராசில் மொத்தம் 5.0 கிராம் வந்தது.

சனிக்கிழமை தமிழ் வகுப்பு நடக்கும் அரங்கை, வகுப்பு முடிந்ததும் ஒரு மணிநேரம் கேட்டு வாங்கினோம். 18 மீட்டர் நீளம், ஒரு கோடியில் 90 செ.மீ. உயர மேடை. மேடை விளிம்பில் நின்று விட்டால் கை உயரத்தோடு தரையிலிருந்து 2.5 மீட்டர். வீட்டுக்குப் போகாமல் நின்ற பிள்ளைகள் நாலைந்து பேர் எடுத்துக்கொடுக்கும் வேலையை ஏற்றுக்கொண்டார்கள். "அங்கிள், நான் அடுத்தது!" என்ற வரிசைச் சண்டை ஓயவே இல்லை.

முதல் நாளே அழகாக அலை வந்தது. வீடியோவில் எண்ணிப் பார்த்தேன்: அலைக்கு 1.1 நொடி. வேகத்தைப் பார்த்தால் ஒன்றரை வந்திருக்க வேண்டும். இரண்டு நாள் கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டேன். கோளாறு கணக்கில் இல்லை. வீடியோவை ஒவ்வொரு சட்டமாக (ஃப்ரேமாக) நகர்த்திப் பார்த்தபோதுதான் தெரிந்தது: உச்சிக்குப் போனதும் மூக்கு சட்டென்று தொங்கியது. அது ஃப்யூகாய்ட் இல்லை, ஸ்டால். இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம் அளவுக்கு மீறி, தூக்குவிசை அறுந்து, விழுந்து, வேகம் பிடித்து, மறுபடி நிமிர்கிறது. தூரத்திலிருந்து பார்க்க இரண்டும் அலைதான். ஆனால் லான்செஸ்டரின் அலைக்கு அடிப்படையே கோணம் மாறாமல் இருப்பது. உண்மையான ஃப்யூகாய்டில் உடம்பு எப்போதும் பாதையின் போக்கிலேயே படுத்துக்கொண்டு போகும். உச்சியில் மூக்கு உருண்டு தணியும், தொங்காது. இதைச் செய்பவர்கள் முதலில் கண்ணைப் பழக்கிக்கொள்ள வேண்டியது இந்த வித்தியாசத்துக்குத்தான். மூக்கில் 0.3 கிராம் கூட்டி, அதே அளவு இறக்கைக்கு நடுவிலிருந்து சுரண்டி எடுத்தேன். மொத்த எடை மாறவில்லை, எடைமையம் மட்டும் முன்னே வந்தது. ஸ்டால் போய்விட்டது.

இரண்டாவது தவறு வேகத்தை அளந்ததில். பக்கச் சுவரில் மீட்டருக்கு ஒன்றாகக் காகிதப் பட்டை ஒட்டி, எதிர்ப்பக்கம் ஃபோனை முக்காலியில் வைத்து நொடிக்கு 60 சட்டத்தில் எடுத்தேன். வேகம் நொடிக்கு 4.2 மீட்டர் என்று வந்தது. அப்படியானால் அலைக்கு 1.9 நொடி ஆக வேண்டும், ஆனதோ 1.5. இந்த முறை சீக்கிரம் பிடிபட்டது. சுவர் ஃபோனிலிருந்து 9 மீட்டர், கிளைடர் பறந்தது 7 மீட்டரில். கிட்டே இருப்பது சுவரில் அதிகத் தூரத்தைக் கடப்பதுபோலத் தெரியும். 7-ஐ 9-ஆல் வகுத்துப் பெருக்கினால் நொடிக்கு 3.3 மீட்டர். சரி, இந்தத் திருத்தத்தை நம்பி விட்டுவிட மனமில்லை. பறக்கும் கோட்டிலேயே தரையில் ஒரு கயிறு கட்டி, அதன்மேல் மீட்டர் கோலைப் பிடித்து ஐந்து நொடி படம் எடுத்துக்கொண்டோம். அதுதான் சரியான முறை.

மூன்றாவது சனிக்கிழமை ஐந்து நல்ல பறத்தல்கள் கிடைத்தன. வேகம் 3.3. கணக்குப்படி அலைநேரம் 1.49 நொடி. நாங்கள் அளந்தது 1.48 முதல் 1.57 வரை, சராசரி 1.53. நூறு வருடத்துக்கு முன்னால் இதே ஊரில் ஒருவர் காகிதத்தில் போட்ட கணக்கு, பீட்சா தட்டில் வெட்டிய இறக்கையில் வந்து நின்றது. நான் அந்த எண்ணை நோட்டில் எழுதிவிட்டு கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம்தான் விளக்குப் படம். அரங்கின் விளக்குகளை அணைத்து, ஃபோனில் 4 நொடி ஷட்டரைத் திறந்து வைத்தோம். அவசர வழிப் பச்சை விளக்கை அணைக்க முடியாது. அது சட்டத்துக்கு வெளியே போகும்படி ஃபோனைத் திருப்பினோம். முதல் படங்களில் சிவப்புக் கோடு சில இடங்களில் பளிச்சென்றும் சில இடங்களில் மங்கியும் இருந்தது. எல்இடியின் முகப்புக் குவிந்திருப்பதால் நேரே பார்க்கும்போது மட்டும் அதிக வெளிச்சம். உப்புத்தாளால் முகப்பைத் தேய்த்து மங்கலாக்கியதும் வெளிச்சம் எல்லாப் பக்கமும் ஒன்றுபோலப் பரவியது.

அதன்பின் எடுத்த படம்தான் இந்த முழு வேலையிலும் எனக்குக் கிடைத்த பெரிய பரிசு. அலையின் பள்ளங்களில் கோடு மெல்லியது, உச்சிகளில் தடித்துப் பிரகாசிக்கிறது. கிளைடர் வேகமாகப் போகும் இடத்தில் ஒளி தங்க நேரமில்லை. மெதுவாகப் போகும் இடத்தில் ஒளி சேர்கிறது. உயரத்தை வாங்க வேகத்தைக் கொடுத்தது ஒரே படத்தில் எழுதியிருக்கிறது. சூத்திரமே தெரியாத பிள்ளைகள்கூட அதைப் பார்த்துவிட்டு, "மேலே போனதும் களைச்சுப் போயிடுது" என்றார்கள்.

அந்த வாங்கல் கொடுக்கலில் கணக்கு நேராகிறதா என்றும் பார்த்தோம். கொஞ்சம் வலுவாக, கிடைமட்டமாக, நொடிக்கு 5 மீட்டரில் வீசிய ஒரு பறத்தல். அந்த வேகத்தை முழுக்க உயரமாக மாற்றினால் 127 செ.மீ. உச்சியில் மிஞ்சிய வேகம் நொடிக்கு 1.5 மீட்டர், அதன் மதிப்பு 11 செ.மீ. ஆக 116 செ.மீ. ஏறியிருக்க வேண்டும். ஏறியது 80. காணாமல் போன 36 செ.மீ. எங்கே? உச்சிவரை வந்த பாதை ஏறக்குறைய 2.2 மீட்டர். இதே கிளைடர் அலையில்லாமல் நிதானமாகச் சறுக்கும்போது 6 மீட்டர் போக 1 மீட்டர் இறங்குகிறது. 2.2-ஐ 6-ஆல் வகுத்துப் பாருங்கள், 36 செ.மீ. பக்கத்தில்தான் வரும். லான்செஸ்டர் முதலில் ஒதுக்கிவைத்த காற்றுத்தடை இதுதான். அலை தேய்வதற்கும் இதுவே காரணம்: எங்கள் படங்களில் ஒவ்வோர் அலையும் அதற்கு முந்தையதில் ஏறக்குறைய பாதி. மூன்றாவது அலை பார்ப்பதற்குள் கிளைடர் தரையில் இறங்கிவிடும்.

கடைசி ஆசை, வட்டம். அவருடைய கணக்குப்படி இயல்பான வேகத்தைப்போல 1.73 மடங்குக்குமேல் கிடைமட்டமாக வீசினால் அலை மறைந்து பாதை சுருண்டு வட்டமடிக்கும். எங்களுக்கு அது நொடிக்கு 5.7 மீட்டர். தடையை ஈடுகட்ட இன்னும் வேண்டும் என்பதால் ரப்பர் பேண்டால் ஏவினோம். முதல் ஏவலில் இறக்கை நடு மடிப்பில் முறிந்தது. இயல்பான வேகத்தில் இறக்கை தாங்குவது 5 கிராம். வேகம் இரு மடங்கானால் நான்கு மடங்கு, அதாவது 20 கிராம். மடிப்பில் கீறியிருந்த ஃபோம் அதைத் தாங்கவில்லை. அடுத்த கிளைடரில் மடிப்பின் குறுக்கே ஒரு மெல்லிய கார்பன் பட்டை பதித்தேன். கூடிய எடையைப் பிளாஸ்டிசினில் கழித்துக்கொண்டேன். நொடிக்கு 7 மீட்டருக்கு மேல் ஏவியபோது ஆளுயரத்தைவிடக் கொஞ்சம் பெரிய வளையம் ஒன்றைச் சுற்றி வந்து, அப்புறம் சாதாரண அலையாகிப் போய் இறங்கியது. பத்து ஏவலில் மூன்றுதான் சரியாக வந்தன. மற்றவை பக்கவாட்டில் சாய்ந்துவிட்டன. அதற்கு இறக்கையின் இரண்டு பாதிகளும் கோணத்தில் துல்லியமாக ஒத்திருக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத முறுக்குகூட அந்த வேகத்தில் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

அரங்கைத் திருப்பிக் கொடுக்கப் பத்து நிமிடம் இருந்தது. மகள் மேடையில் நின்று, "அப்பா, அலையே இல்லாம விடட்டா?" என்றாள். இயல்பான வேகத்திலேயே, சறுக்கும் சரிவிலேயே விட்டால் அலை பிறக்காது என்று அவளுக்கு முன்பே சொல்லியிருந்தேன். நான் முயன்றபோதெல்லாம் கொஞ்சமாவது நெளிந்தது. அவள் ஆறு முறை விட்டாள். ஒவ்வொரு முறையும் கையின் விசையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வந்தாள். ஏழாவது முறை விளக்கை அணைத்து ஷட்டரைத் திறந்தேன். படத்தில் மேடையிலிருந்து அரங்கின் மறுகோடியை நோக்கிச் சரிந்து இறங்கும் ஒரே சிவப்புக் கோடு, தொடக்கம் முதல் முடிவுவரை ஒரே தடிமனில்.

அந்தப் படத்தைத்தான் அவள் தன் அறைச் சுவரில் ஒட்டியிருக்கிறாள்.